வெளிநாட்டில் ஒரே ஒரு செமஸ்டர்… அதற்குள் இத்தனை அதிசயங்களா? உங்களுக்குத் தெரியுமா?

இங்கே ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, நடுவில் ஒரு செமஸ்டருக்கு மட்டும் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரலாம். அங்கே படித்த பாடங்கள் இங்கே உங்கள் பட்டத்தில் சேரும். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால், பெரும்பாலும் அங்கே கல்விக் கட்டணமே கிடையாது! பரிமாற்ற மாணவராக விமானம் ஏறும் பிள்ளைகளைப் பார்த்து, 'கொடுத்துவைத்தவர்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு செமஸ்டருக்குப் பின்னால் ஒரு சக்கரவர்த்தி இருக்கிறார், சாமுராய்கள் இருக்கிறார்கள், பழைய ராணுவச் சாமான்கள் இருக்கின்றன, ஏன், வௌவால்கள்கூட இருக்கின்றன! ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஒரு பெண் பட்ட அவமானத்தில் பிறந்ததுதான் எராஸ்மஸ்… தெரியுமா?

ஆண்டு 1957. ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்த சோஃபியா கொராடி என்ற இளம்பெண், உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டமே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். தான் படித்த பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை நீட்டி, 'இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டார். என்ன நடந்தது தெரியுமா? அங்கிருந்த அதிகாரி, மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவரைப் பிடித்துக் கத்திவிட்டார்! அமெரிக்காவுக்கு ஊர் சுற்றப் போய்வந்தவர் என்பதுபோல நடத்தி அனுப்பினார்.

வேறு யாராக இருந்தாலும் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். கொராடி விடவில்லை. வெளிநாட்டில் படித்த படிப்பு சொந்த நாட்டில் செல்லுபடியாக வேண்டும் என்ற யோசனையை 1969-ல் எழுத்தில் வைத்தார். அமைச்சர்கள், துணைவேந்தர்கள், மாநாடுகள் என்று ஒரு கதவு விடாமல் தட்டினார். கடைசியில் 1987-ல் ஐரோப்பாவின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறந்தது. முதல் ஆண்டு போனவர்கள் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள். இன்று திட்டத்தில் முழு உறுப்பினராக 33 நாடுகள்! இதுவரை பயன்பெற்றவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல்! 2016-ல் ஸ்பெயின் அவருக்குக் கார்லோஸ் ஐந்தாமர் ஐரோப்பிய விருது கொடுத்துக் கௌரவித்தது. ஐரோப்பிய மாணவர்கள் அவரைச் செல்லமாக அழைத்த பெயர் 'மம்மா எராஸ்மஸ்'.

பழைய ராணுவச் சாமான் விற்ற காசில் மாணவர்கள் படித்தார்கள்… நம்பமுடிகிறதா?

சரி, கொராடி அமெரிக்கா போன உதவித்தொகை எது? ஃபுல்பிரைட்! அதன் கதை இன்னும் வியப்பு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் லாரிகளும் இயந்திரங்களும் தளவாடங்களும் உலகம் முழுக்க மலைமலையாகக் கிடந்தன. திரும்ப ஏற்றிப்போவது கட்டுப்படியாகாது. வாங்கிக்கொள்ள அந்தந்த நாடுகள் தயார், ஆனால் அவற்றிடம் டாலர் இல்லை. அப்போதுதான் ஆர்கன்சா மாநில செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு வழி சொன்னார்: உங்கள் நாட்டுப் பணத்திலேயே கொடுங்கள், அதை மாணவர்களும் ஆசிரியர்களும் நாடு விட்டு நாடு போய்ப் படிக்கச் செலவழிப்போம்! 1946 ஆகஸ்ட் 1 அன்று ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட, திட்டம் சட்டமானது.

இதில் இன்னொரு ஆச்சரியம். அந்த ஃபுல்பிரைட்டே இளமையில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படித்தவர். தான் பெற்ற வாய்ப்பை அவர் பல்லாயிரம் பேருக்குத் திறந்துவிட்டார். அந்தப் பல்லாயிரத்தில் ஒருவர் கொராடி. அவர் அதைக் கோடிப் பேருக்குத் திறந்துவிட்டார். இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. குடியரசான மறுவாரமே, 1950 பிப்ரவரி 2 அன்று, இந்தியாவும் அமெரிக்காவும் ஃபுல்பிரைட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன!

போர் பார்த்தவர்கள்தான் இந்தப் பாதையைப் போட்டார்கள்… தெரியுமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டை வெளிநாட்டில் படிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைடு. முதல் உலகப்போரில் பணியாற்றியவர். நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டுமானால் பிள்ளைகள் போய் அங்கேயே வாழ்ந்து படிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பல்கலைக்கழகத்தின் நிதியிலிருந்து பணம் கிடைக்கவில்லை. வெளியே ஆதரவாளர்களைத் தேடிப் பணம் திரட்டினார்கள். 1923 ஜூலை 7 அன்று எட்டே எட்டு மாணவர்களோடு அவர் 'ரோஷாம்போ' கப்பலில் பிரான்சுக்குப் புறப்பட்டார். முதலில் நான்சி நகரில் பிரெஞ்சு மொழிப் பயிற்சி, பிறகு பாரிஸின் சோர்போனில் படிப்பு!

பள்ளி மாணவர்களை வெளிநாட்டுக் குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்கவைக்கும் ஏ.எஃப்.எஸ். அமைப்பு உலகப் புகழ்பெற்றது. அது எப்படித் தொடங்கியது தெரியுமா? முதல் உலகப்போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் தொண்டர் படையாக! இரண்டு உலகப்போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள், போர் முடிந்ததும் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினார்கள். ஆக, பகையின் விலை என்ன என்று கண்ணால் கண்டவர்கள் கொடுத்த கொடைதான் இந்த வெளிநாட்டு செமஸ்டர்!

வெளிநாட்டு மாணவருக்காகச் சக்கரவர்த்தியே சட்டம் போட்டார்… தெரியுமா?

12-ஆம் நூற்றாண்டு. இத்தாலியின் பொலோனியாவுக்குச் சட்டம் படிக்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு ஒரு விபரீதமான ஆபத்து இருந்தது. ஒரு ஜெர்மானிய வியாபாரி கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால், கடன் கொடுத்தவர் ஊரில் அகப்படும் ஏதாவது ஒரு ஜெர்மானிய மாணவனைப் பிடித்துப் 'பணத்தை எடு' என்று உட்காரவைத்துவிடலாம்! சக்கரவர்த்தி ஃபிரெடரிக் பார்பரோசா இந்த அநியாயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். கல்விக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களை அடுத்தவர் கடனுக்காகத் தொடக்கூடாது என்று ஆணையிட்டார். மாணவர் மீது வழக்கு வந்தால், தன் ஆசிரியரையே நீதிபதியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையும் கொடுத்தார்!

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த முதல் வெளிநாட்டு மாணவராக அறியப்படுபவர் ஃபிரீஸ்லாந்தைச் சேர்ந்த எமோ. அவர் வந்த ஆண்டு 1190!

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட கோபர்நிகஸ் எத்தனை பல்கலைக்கழகம் கண்டவர் தெரியுமா? நான்கு! போலந்தின் கிராக்கோவில் தொடங்கி, பொலோனியாவில் சட்டம், பாதுவாவில் மருத்துவம் என்று சுற்றி, 1503-ல் ஃபெராராவில் பட்டம் வாங்கினார். சட்டம் படிக்கப் போன பொலோனியாவில் அவருக்கு ஒரு வானியல் பேராசிரியரின் பழக்கம் கிடைத்தது. 1497 மார்ச் 9 இரவு, நிலா ரோகிணி நட்சத்திரத்தை மறைப்பதை அங்கே பார்த்துக் குறித்துவைத்தார். சொந்த ஊரிலேயே இருந்திருந்தால் அந்தப் பேராசிரியரை எங்கே சந்திப்பது?

ஆறே மாதம் படித்தவர் ஒரு நாட்டின் முதல் பிரதமர் ஆனார்… தெரியுமா?

1863. ஜப்பானியர் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை! அந்த நேரத்தில் சோஷு பகுதியின் ஐந்து இளம் சாமுராய்கள் ரகசியமாகக் கப்பலேறி லண்டனுக்குப் போய், யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார்கள். அவர்களில் இட்டோ ஹிரோபுமி கப்பலில் மாலுமி வேலை பார்த்துக்கொண்டே போனவர். லண்டனில் இருந்தது சுமார் அரை ஆண்டுதான். நாட்டில் நெருக்கடி என்று கேள்விப்பட்டு 1864-ல் திரும்பிவிட்டார். 1885-ல் ஜப்பானின் முதல் பிரதமராக அமர்ந்தவர் அவரே!

அதற்கும் முன்னே போவோம். 671-ல் சீனத் துறவி இத்சிங் நாளந்தாவுக்குப் புறப்பட்டார். நேரே போகவில்லை. வழியில் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்தார். இந்தியா போகும் சீனத் துறவிகள் முதலில் இங்கே தங்கிப் படித்துவிட்டுப் போவது நல்லது என்று எழுதியும் வைத்தார். இன்று வெளிநாட்டு செமஸ்டருக்கு முன் மொழிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களே, அதே யோசனை 1,300 ஆண்டுகளுக்கு முன்பே! அந்த நாளந்தாவின் புகழ்பெற்ற தலைமை ஆசிரியர்களில் ஒருவரான தர்மபாலர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? நம் காஞ்சிபுரம்! இதை எழுதி வைத்திருப்பவர் சீன யாத்ரிகர் யுவான் சுவாங்.

மைனஸ் மூன்று மதிப்பெண் போடும் நாடு எது தெரியுமா?

டென்மார்க்! அங்கே ஏழே ஏழு மதிப்பெண்கள்தான்: −3, 00, 02, 4, 7, 10, 12. மிக உயர்ந்தது 12. பரீட்சையில் ஒன்றுமே தேறவில்லை என்றால் பூஜ்யத்துக்கும் கீழே! ஜெர்மனியில் தலைகீழ்: 1 எடுத்தால் முதல் தரம், 5 எடுத்தால் தோல்வி. பிரான்சில் 20-க்கு. நெதர்லாந்தில் 10-க்கு, அதிலும் முழு 10 கிடைப்பது அபூர்வம். இத்தாலியில் 30-க்கு, தேர்ச்சிக்கு 18. அங்கே பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் மதிப்பெண் பிடிக்கவில்லையா? 'வேண்டாம், அடுத்த முறை வருகிறேன்' என்று பெரும்பாலான பாடங்களில் மறுத்துவிட்டு வரலாம்!

மதிப்பெண் இப்படி நாட்டுக்கு நாடு மாறினால், ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாட்டில் எப்படிக் கணக்கிடுவது? இங்கேதான் ஐரோப்பாவின் கிரெடிட் முறை வருகிறது. 1989-ல் சோதனையாகத் தொடங்கியது. ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து. எந்த நாட்டில் உழைத்தாலும் கணக்கு ஒன்றே!

மூன்று கையெழுத்து… ஒரு செமஸ்டரையே காப்பாற்றுகிறது!

பரிமாற்ற மாணவரின் கையில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி மதிப்புள்ள காகிதம் எது தெரியுமா? 'லேர்னிங் அக்ரிமென்ட்'. பார்ப்பதற்கு ஒரு சாதாரணப் படிவம். ஒரு பக்கம் அங்கே எடுக்கப்போகும் பாடங்களின் பட்டியல், பாடக் குறியீடு, கிரெடிட். மறுபக்கம் அதற்கு ஈடாக இங்கே கழியும் பாடங்கள். கீழே மூன்று கையெழுத்து: மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம். கிளம்புவதற்கு முன்பே மூன்றும் விழுந்துவிட வேண்டும். அங்கே போனபின் ஒரு பாடம் நேரம் மோதுகிறதா, நடக்கவில்லையா? அதே படிவத்தில் மாற்றத்தை எழுதி மறுபடியும் மூவரும் ஒப்ப வேண்டும். முடித்து வந்ததும் அங்கிருந்து மதிப்பெண் பட்டியல் வரும். பட்டியலும் படிவமும் ஒத்துப்போனால் கிரெடிட் ஏறிவிடும். அரியர் இல்லை, ஆண்டு வீண் இல்லை! கொராடிக்கு ஓர் அலுவலகத்தில் மறுக்கப்பட்டது எதுவோ, அதையே இந்த ஒரு தாள் ஒவ்வொரு மாணவருக்கும் எழுதிக் கொடுக்கிறது. இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா?

வௌவால்கள் காவல் காக்கும் நூலகம் தெரியுமா?

போர்ச்சுகலின் கொய்ம்ப்ரா பல்கலைக்கழகம் 1290-ல் தோன்றியது. அதன் ஜொவானினா நூலகம் 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. தங்கப் பூச்சு மின்னும் அலமாரிகள், உத்தரம் வரை பழம்பெரும் நூல்கள். அவற்றை அரிக்க வரும் பூச்சிகளைத் தின்பது யார்? உள்ளேயே குடியிருக்கும் சின்னஞ்சிறு வௌவால்கள்! இரவானதும் அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து கிளம்பிப் பறந்து பறந்து பூச்சி பிடிக்கின்றன. எச்சம் விழுந்து விலைமதிப்பற்ற மேசைகள் பாழாகக்கூடாதே! அதனால் பணியாளர்கள் தினமும் மாலை மேசைகளைத் தோல் விரிப்பால் மூடுகிறார்கள், காலையில் எடுத்துத் துடைக்கிறார்கள். அதே கட்டடத்தின் அடியில் மாணவர்களை அடைத்துவைத்த பழைய சிறையும் உண்டு! ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 1914 வரை மாணவர் சிறை நடந்தது. உள்ளே இருந்தவர்கள் சுவர் முழுக்க வரைந்துதள்ளிய ஓவியங்களை இன்றும் பார்க்கலாம்.

ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழகம் 1218-ல் தோன்றியது. அதன் முகப்பில் நூற்றுக்கணக்கான சிற்பங்களுக்கு நடுவே, ஒரு மண்டையோட்டின் மேல் ஒரு குட்டித் தவளை! யாரும் காட்டாமல் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவர் பரீட்சையில் தேறிவிடுவார் என்பது அங்கே பரம்பரை நம்பிக்கை.

ஸ்வீடனின் உப்சாலா. ஃப்ளோக்ஸ்டா என்ற மாணவர் குடியிருப்பு. இரவு மணி பத்து. ஒரு ஜன்னல் திறக்கிறது, 'ஆ…' என்று ஒரு கத்தல். அடுத்த ஜன்னல், அடுத்த மாடி, அடுத்த கட்டடம்! படிப்பின் பாரத்தை எல்லாரும் சேர்ந்து கத்தித் தீர்க்கிறார்கள். புதிதாக வந்த பரிமாற்ற மாணவர் முதல் நாள் பதறிப்போவார். சில நாளில் அவரும் ஜன்னலைத் திறந்துவிடுவார்!

ஜெர்மனியில் கால அட்டவணையில் '10 சி.டி.' என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15-க்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரம் மரபுவழிச் சலுகை. வகுப்பு முடிந்ததும் யாரும் கை தட்டுவதில்லை. மேசையை விரல் முட்டிகளால் 'டக் டக்' என்று தட்டுகிறார்கள். அதுதான் ஆசிரியருக்கு மரியாதை! ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். அரிசி பருப்பை சனிக்கிழமையே வாங்கிவைத்துவிட வேண்டும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையின் இயந்திரத்தில் போட்டால், வாங்கும்போது கட்டிய 25 சென்ட் திரும்பி வரும். பின்லாந்திலோ மாணவர் மதிய உணவுக்கு அரசே மானியம் தருகிறது!

10 லட்சம் குழந்தைகள்… தெரியுமா?

எராஸ்மஸ் பற்றி ஐரோப்பிய ஆணையம் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு எல்லாரையும் அசத்தியது. போனவர்களில் 27 சதவீதம் பேர், தங்கள் நீண்டகாலத் துணையை அங்கே இருந்த நாட்களில்தான் சந்தித்தார்களாம்! 1987 முதல் அப்படி அமைந்த குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் சுமார் 10 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: நீண்டகாலம் வேலை கிடைக்காமல் தவிக்கும் வாய்ப்பு, வெளிநாடு போய்ப் படிக்காதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பாதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பை 2014 முதல் 2019 வரை வகித்த இத்தாலியின் ஃபெடரிகா மொகெரினி, எராஸ்மஸ் மாணவியாகப் பிரான்சில் இருந்தபோதுதான் பட்டத்துக்கான ஆய்வுரையை எழுதினார்!

நம் பிள்ளைகளும் போகலாம்… தெரியுமா?

இதெல்லாம் ஐரோப்பியருக்குத்தானே என்று நினைக்காதீர்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு எராஸ்மஸ் ஒப்பந்தம் உள்ள இந்தியக் கல்லூரி மாணவர்களும் போகலாம். தேர்வானால் மாத உதவித்தொகையும் பயணப்படியும் உண்டு. 2004-ல் வந்த எராஸ்மஸ் முண்டுஸ் இன்னும் பெரிது: ஒரே முதுகலைப் பட்டத்தைக் குறைந்தது இரண்டு நாடுகளில் மாறிமாறிப் படிக்கலாம். அதன் உதவித்தொகையை அதிகம் பெறும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது! ஜெர்மனியின் டாட் அமைப்பு 1925 முதல் மாணவர் பரிமாற்றத்துக்கு உதவுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யே 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்த நிறுவனம்தானே!

ஆனால் ஆசை மட்டும் போதாது, முன்யோசனை வேண்டும். ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். நம் கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் பொதுவாக ஜூன், ஜூலையில் தொடங்கும்; ஜெர்மனியின் குளிர்கால வகுப்புகளோ அக்டோபரில். தேதிகள் மோதும். அதனால் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு துறைத் தலைவரோடு உட்கார்ந்து, எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று எழுத்தில் முடிவுசெய்யுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கிளம்பாதீர்கள். உதவித்தொகை இல்லாமல் ஜெர்மனி போவதானால் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம், ஓராண்டுக்கு 11,904 யூரோ என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. விண்ணப்பிக்கும்போது தூதரகத்தில் புதுத் தொகையைச் சரிபாருங்கள். அனுமதிக் கடிதம் வந்த அன்றே விடுதி அறைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஐரோப்பிய நகரங்களில் மாணவர் அறைக்கு அவ்வளவு போட்டி.

பெற்றோர்களே, 'ஒரு செமஸ்டர் வெளியே போனால் படிப்பு கெட்டுவிடும்' என்று தடுக்காதீர்கள். கெடாமல் இருப்பதற்கென்றே ஒரு பெண் பல ஆண்டுகள் போராடி வழி அமைத்துவைத்திருக்கிறார். மாணவர்களே, உங்கள் கல்லூரியில் சர்வதேசத் தொடர்பு அலுவலகம் என்று ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக்கே போய், எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று முதல்வரிடம் கேளுங்கள். கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கதவு திறக்கும்!